விலக்கு உணவுமுறையில் இருந்துகொண்டே கடையில் சாப்பிடுவது எப்படி? (சுங்கை சிப்புட் பக்கத்து வழிகள்)

எந்தச் சாப்பாடு உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று கண்டுபிடிக்க, சந்தேகப்படும் உணவுகளை இரண்டு முதல் ஆறு வாரம் வரை முழுசாக நிறுத்துவார்கள். உடம்பு அடங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பார்கள். இதுதான் விலக்கு உணவுமுறை. வீட்டில் சமைத்துச் சாப்பிடுபவருக்குப் பெரிய சிரமம் இல்லை. ஆனால் மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலாகங்சாருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர் பசியாறுவது கடையில்தான். வாரத்துக்கு ஒரு பசார் மாலாம் (இரவுச் சந்தை), மாதத்துக்கு ஒரு கல்யாணம், நடுவில் கோயில் அன்னதானம். இதையெல்லாம் விட்டுவிட்டு வீட்டுக்குள் உட்கார முடியுமா? தேவையில்லை. ஆனால் கொஞ்சம் முன்னேற்பாடு வேண்டும்.

"கொஞ்சம் பால்தானே" என்று விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதை முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள். தினமும் துளித்துளியாகப் பால் உள்ளே போனால் வயிற்று வலியோ அரிப்போ அடங்காது. "பாலை நிறுத்தியும் குறையவில்லை, அப்படியானால் பால் காரணமில்லை" என்று தப்பான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். இத்தனை நாள் பட்ட பாடு வீண்.

தொடங்கும் முன்

டாக்டரைப் பாருங்கள். கோதுமை மீது சந்தேகம் என்றால், அதை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற பசைச் சத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். கோதுமையை நிறுத்திய பிறகு எடுத்தால் நோய் இருந்தாலும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டு முகம் வீங்கி மூச்சுத் திணறியவர்கள் இதைத் தாங்களாகச் செய்யவே கூடாது. இனிப்புநீருக்கு (நீரிழிவு) மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் விஷயத்திலும் டயட்டீஷியன் கூட இருப்பது அவசியம். அரசாங்க கிளினிக்கில் கேட்டால் எங்கே போவது என்று சொல்வார்கள்.

விலக்க வேண்டிய பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும். நான் இங்கே பால், கோதுமை, முட்டை, சோயா, நிலக்கடலை மற்றும் கொட்டை வகைகள், மீன் இறால் ஆகிய ஆறையும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்களுக்கு வெங்காயம், பூண்டை நிறுத்தச் சொல்லியிருந்தால் அது வேறு முறை. மெல்பர்னில் இருக்கும் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. அந்த முறையைப் பின்பற்றுபவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சாம்பாரில் இருக்கும் வெங்காயத்தைப் பொறுக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடுவதில் பயன் இல்லை. தொந்தரவு தரும் சத்து தண்ணீரில் கரைந்து குழம்பிலேயே இருக்கும்.

முதல் படி: எது எங்கே ஒளிந்திருக்கிறது என்று படியுங்கள்

பாலை நிறுத்தினேன் என்பவர் தே தாரிக்கை (பால் தேநீர்) விடுவார், ரொட்டி சானாயை (பரோட்டா) மறந்துவிடுவார். அந்த மாவில் மார்ஜரின் உண்டு, பல கடைகளில் கெட்டிப்பாலும் முட்டையும் கூட உண்டு. மார்ஜரினிலும் பால் சேர்ந்திருக்கலாம். கிரீமர் டின் செம்பனை எண்ணெயில் செய்ததுதானே என்று நினைக்காதீர்கள், பால் பொடி சேர்த்திருப்பார்கள். மைலோவில் பாலும் இருக்கிறது, பார்லி மால்ட்டும் இருக்கிறது. கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) கூட அத்தனை சுத்தம் இல்லை. நம் ஊர் கோப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் போட்டு வறுக்கும் வழக்கம் உண்டு.

கோதுமை ஒளிந்துகொள்ளும் இடங்கள் இன்னும் மோசம். கிச்சாப்பில் (சோயா சாஸ்) சோயாவோடு கோதுமையும் இருக்கும், ஆகவே மீ கோரெங், நாசி கோரெங் இரண்டும் போச்சு. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது சகஜம், அதனால் சாம்பாரும் ரசமும் சந்தேகக் கேஸ்தான். சைவக் கடையில் 'கோழி', 'ஆட்டிறைச்சி' என்று வைத்திருப்பதெல்லாம் பெரும்பாலும் சோயாவும் கோதுமைப் பசையும்தான். விரத நாளில் பாதுகாப்பு என்று நம்பி சைவக் கடைக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

இறாலை விட்டவர் சம்பலையும் விட வேண்டும், அதில் பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) இருக்கும். நெத்திலி சூப்பிலும் இருக்கும், சம்பலிலும் இருக்கும். குருமாவில் முந்திரி அரைத்திருப்பார்கள். சூப்பிலும் கோழிச் சோற்றிலும் போடும் ருசிக் கட்டியில் என்னென்ன இருக்கிறது என்பது அதன் பெட்டியைப் படித்தால்தான் தெரியும்.

ஒரு நல்ல செய்தி: கடைகளில் பொரிக்க ஊற்றுவது பெரும்பாலும் செம்பனை எண்ணெய் என்பதால் சோயா எண்ணெய் பற்றிய கவலை இங்கே குறைவு. பாக்கெட் சாமான்களுக்கு மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் கைகொடுக்கும். குளூட்டன் உள்ள தானியம், கடலை, சோயா, மீன், பால், முட்டை சேர்ந்திருந்தால் லேபலில் சொல்லியாக வேண்டும். மலாயில் கண்டும் (கோதுமை), சூசு (பால்), தெலூர் (முட்டை), காச்சாங் (கடலை), ஈக்கான் (மீன்), ஊடாங் (இறால்) என்ற சொற்களைத் தேடுங்கள்.

இரண்டாம் படி: இரண்டே கடை

இருக்கிற எல்லாக் கடையையும் ஆராய வேண்டாம். காலைக்கு ஒன்று, மத்தியானத்துக்கு ஒன்று போதும். முதலாளியே அடுப்பில் நிற்கும் சின்னக் கடையாகப் பாருங்கள். பெரிய கடையில் ஆர்டர் எடுப்பவர் ஒருவர், சமைப்பவர் வேறொருவர். நீங்கள் சொன்னது நடுவில் எங்கோ காணாமல் போகும். முதல் தடவை கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். காலை ஏழரைக்கு ரொட்டி வீசிக்கொண்டிருக்கும் அண்ணனிடம் போய்ப் பெருங்காயத்தைப் பற்றி விசாரித்தால் அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாம் படி: கேட்கும் விதம்

எனக்குத் தெரிந்து ஆரம்பிப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். "இதில் பால் இருக்கா?" என்று கேட்டால் "இல்லம்மா, தைரியமா சாப்பிடுங்க" என்றுதான் பதில் வரும். பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை. அவர் நினைப்பது டம்ளரில் ஊற்றும் பாலை, நீங்கள் நினைப்பது மார்ஜரினுக்குள் இருக்கும் பாலை. ஆகவே பொருளைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள்:

"அண்ணே, இந்தப் பெரட்டலுக்கு என்னென்ன போடுவீங்க, முதல்லேருந்து சொல்லுங்க."

"அக்கா, தோசை ஊத்துற கல்லுலயே ரொட்டியும் போடுவீங்களா?"

"இந்த எண்ணெயில வேற என்ன பொரிச்சீங்க?"

"மசாலா நீங்களே அரைக்கிறதா, பாக்கெட்டா? அந்தப் பாக்கெட்டைக் கொஞ்சம் காட்ட முடியுமா?"

சமைப்பவர்களுக்குத் தங்கள் சமையலைப் பற்றிப் பேசுவது பிடிக்கும். பாதிச் சந்தேகம் அந்தப் பேச்சிலேயே தீர்ந்துவிடும்.

அலர்ஜி, டயட் என்றெல்லாம் நீட்டினால் சிலருக்குப் புரியாது, சிலர் ஃபேஷன் என்று நினைப்பார்கள். "டாக்டர் ஒரு மாசம் பத்தியம் இருக்கச் சொல்லியிருக்கார்" என்று சொல்லிப் பாருங்கள். பெரியம்மா வயதில் இருப்பவர்கள் உங்களைவிடக் கறாராகக் காவல் காப்பார்கள்.

மலாய், சீனக் கடைகளுக்கு ஒரு சின்ன அட்டை எழுதி போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். மலாயில் நாலு வரி போதும்: சாப்பிடக் கூடாத ஆறு பொருள், அப்புறம் கிச்சாப், பெலாச்சான், சோஸ் தீராம் (சிப்பி சாஸ்), ருசிக் கட்டி வேண்டாம் என்ற வரி. கோப்பிக்கடை தவுக்கேயிடமும் (சீன முதலாளி) நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்கும் காக்கிடமும் (மலாய் அக்கா) அதை நீட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும். சமைப்பவர் வெளிநாட்டுக்காரராக இருந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் படம் இருப்பது நல்லது.

நான்காம் படி: என்ன வாங்கலாம்

காலைக்கு இடியாப்பத்தை மிஞ்சியது இல்லை. அரிசி மாவு, தேங்காய்ப்பூ, சர்க்கரை, அவ்வளவுதான். மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வருபவரிடம் மாவில் வேறு எதுவும் கலக்கவில்லையே என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும். அடுத்தது இட்லி. ஆவியில் வேகும் பண்டம், கல்லில் படாது. சட்னியில் நிலக்கடலை போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். சாம்பார் வேண்டாம். கையோடு கொண்டுபோன இட்லிப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்துக்கொள்ளுங்கள், பொடியிலும் கூட்டுப் பெருங்காயம் இல்லாமல் பார்த்து. தோசைக்குக் கல் தனியாக இருந்தால் மட்டும் சரி. ரவா தோசை கோதுமை.

குடிக்க தே ஓ (பால் இல்லாத தேநீர்). சீனி வேண்டாம் என்றால் தே ஓ கோசோங். பால் கலக்கிய மக்கிலும் கரண்டியிலும் கலக்காமல் கழுவிய கிளாஸில் நேராக வடிக்கச் சொல்லுங்கள். எந்தத் தண்ணீர் கடையிலும் இதை முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள்.

மத்தியானம் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைதான் என் சிபாரிசு. எல்லாம் தனித்தனிப் பாத்திரத்தில் இருப்பதால் பார்த்துப் பொறுக்கலாம். வெள்ளைச் சோறு, கோஸ் பொரியல், கீரை, விசாரித்துத் தெரிந்துகொண்ட கோழிப் பெரட்டல். மோர் வேண்டாம். மீன் பொரித்த எண்ணெயில்தான் அப்பளமும் பாகற்காயும் பொரிந்திருக்கும், அதனால் அவையும் வேண்டாம். பன்னிரண்டு மணிக்கு முன்னால் போனால் ஒரு குழம்புக் கரண்டி இன்னொரு குழம்புக்குள் இன்னும் போயிருக்காது. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் முக்கியம்.

சீனக் கடையில் வெள்ளைச் சோறும், உப்பும் பூண்டும் மட்டும் போட்டு வதக்கிய கீரையும் கேளுங்கள், சட்டியைக் கழுவிவிட்டு. கோய்த்தியாவ் (பட்டை நூடுல்ஸ்) அரிசியில் செய்ததுதான், ஆனால் கிச்சாப், முட்டை, கெராங் (சிப்பி வகை) எல்லாம் சேர்ந்துவிடும். நாசி லெமாக்கில் சோறு மட்டும் உங்களுக்கு. முன்கூட்டியே கட்டிவைத்த பொட்டலத்தை எடுக்காதீர்கள், கடலையும் நெத்திலியும் அதில் ஒட்டியிருக்கும்.

பையில் எப்போதும் இரண்டு வாழைப்பழம், ஒரு டப்பா அவித்த சக்கரவள்ளிக் கிழங்கு, உப்புத்தூள் இருக்கட்டும். எதுவும் சரிப்படாத நாளில் வெள்ளைச் சோற்றை மட்டும் வாங்கிச் சமாளித்துவிடலாம்.

ஐந்தாம் படி: கல்யாணமும் கோயிலும்

கடைக்காரரைவிடச் சொந்தக்காரர்களைச் சமாளிப்பதுதான் கடினம். "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று இலையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பந்தியில் உட்காருங்கள், உட்காராவிட்டால்தான் பேச்சு வரும். நெய் ஊற்றுவதற்கு முன் வெறும் சோறு வாங்குங்கள், பழம் எடுத்துக்கொள்ளுங்கள். நெருங்கிய வீட்டு விசேஷமாக இருந்தால் முந்தைய நாளே சமையல்காரரைப் பார்த்து உங்கள் பங்கைத் தாளிப்பதற்கு முன் எடுத்துவைக்கச் சொல்லலாம். கோயில் அன்னதானத்தில் மீன், முட்டை தொல்லை இல்லை. ஆனால் பாயசத்தில் பாலும் சேமியாவும், சாம்பாரில் பெருங்காயமும் காத்திருக்கும்.

பசார் மாலாமில் அவித்த சோளம் (மார்ஜரின் தடவாமல்), இளநீர், கரும்புச் சாறு, முழுப் பழம். வடையும் முறுக்கும் மாவில் சரியாக இருந்தாலும் எண்ணெயில் கெட்டுவிடும். ஈப்போ புந்தோங்கிலிருந்து வரும் காச்சாங் பூத்தே (கடலை, முறுக்கு வகை நொறுக்குத்தீனி) எனக்கு உயிர்தான், ஆனால் இந்த வாரங்களில் அந்தப் பக்கம் நடக்கவே வேண்டாம்.

ஆறாம் படி: தவறிப் போனால், பிறகு திரும்பச் சேர்க்கும்போது

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் தேதி, நேரம், என்ன சாப்பிட்டீர்கள், உடம்பில் என்ன தெரிந்தது என்று எழுதிவையுங்கள். எல்லாம் போச்சு என்று அன்றைக்கே ரொட்டி சானாய் சாப்பிடக் கிளம்பாதீர்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா, சில நாள் கூட்டினால் போதுமா என்பதை டயட்டீஷியனிடம் கேளுங்கள்.

திரும்பச் சேர்க்கும் சோதனையைக் கடையில் செய்யாதீர்கள். தே தாரிக்கும் ரொட்டியும் சாப்பிட்டு வயிறு கலங்கினால் பாலா, கோதுமையா, மார்ஜரினா என்று யார் சொல்வது? வீட்டில் ஒரே ஒரு பொருளை, வேறு எதுவும் கலக்காமல் எடுங்கள். முட்டை என்றால் அவித்த முட்டை, பால் என்றால் வெறும் பால். முதல் நாள் கொஞ்சம், அடுத்த இரண்டு நாளில் படிப்படியாகக் கூடுதல், பிறகு சில நாள் இடைவெளி. அந்த நாட்களில் கடைச் சாப்பாடு பழைய பட்டியல்படியே இருக்கட்டும். ஒன்று ஒத்துக்கொண்டதாகத் தெரிந்தாலும் ஆறையும் பார்த்து முடிக்கும் வரை அதையும் தள்ளியே வைக்கச் சொல்லும் டயட்டீஷியன்கள் உண்டு. உங்களுக்கு எப்படி என்று கேட்டுக்கொண்ட பிறகு கடை அண்ணனிடம் அட்டையைத் திருத்திக் காட்டுங்கள்.