நோம்பி லீவில் ஒரு பலகைக் கொரங்காடு

பொங்கலுக்கு ஷட்டரை இறக்கினால் திருப்பூர் பனியன் கம்பெனிகள் மறுபடி திறக்க எப்படியும் ஒரு வாரம் ஆகிவிடும். அதற்குள் நாங்கள் எல்லோரும் காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், கூடிவிடுவோம். நோம்பி (பண்டிகை) வேலை இருக்கும், ஆனால் நாள் முழுக்க இருக்காது. மத்தியானச் சோறு ஆனபிறகு பெரியவர்கள் கட்டிலைத் தேடுவார்கள், பிள்ளைகள் செல்போனைத் தேடும். அந்த நேரத்துக்குத்தான் இந்தக் கைவேலை: ஒரு பலகையில் துணி, சுவருக்குப் பூசுகிற பட்டி, மண், புல் எல்லாம் ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரிகிற மாதிரி புடைப்பாக ஒரு படம். மிக்ஸ்டு மீடியா என்று சொல்லி இதற்கென்றே பசையும் ஜெல்லும் விலை கூட வைத்து விற்கிறார்கள். அது எதுவும் வேண்டாம். ஹார்டுவேர் கடையும் தோட்டமும் போதும்.

இந்த வேலையில் கை வைக்கிற நேரம் கொஞ்சம், காயவிடுகிற நேரம்தான் அதிகம். ஓர் அடுக்கு போட்டால் மறுநாள் வரை தொடக் கூடாது. சாதாரண சனி, ஞாயிறில் இது நடக்காது; ராத்திரியே விரல் வைத்துப் பார்ப்போம், மேலே இன்னொரு அடுக்கை அப்புவோம், அது வெடிக்கும். நோம்பியில் அப்படியில்லை. வீட்டுக்குக் காப்புக் கட்டணும், பொங்கல் வைக்கணும், மாடு கழுவணும் என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பதால் பலகை தானாகக் காய்ந்துவிடும். போகியன்று தொடங்கினால் காணும் பொங்கலன்று கணக்காக முடியும்.

என்ன படம் செய்வது என்று ரொம்ப யோசிக்காதீர்கள். நான் சொல்வது கொரங்காடு, எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். இதில் எதற்குமே வரையத் தெரிய வேண்டியதில்லை, எல்லாமே சொரசொரப்பு. மாட்டை மட்டும் விட்டுவிடுங்கள். காங்கேயம் மாட்டோடு வளர்ந்தவர்கள் கொம்பு வளைவில் குற்றம் கண்டுபிடிக்காமல் விட மாட்டார்கள், அப்புறம் நோம்பி முழுக்க அதே பேச்சாகிவிடும். பலகையில் மேலே மூன்றில் ஒரு பங்கு வானம், மீதி நிலம், குறுக்கே சாய்வாக ஒரு வேலி. பென்சிலில் இரண்டு கோடு போட்டால் வரைகிற வேலை முடிந்தது.

பலகைக்கு ஏதாவது மரவேலை நடக்கிற இடத்தில் கேளுங்கள், வெட்டி மிஞ்சிய பிளைவுட் துண்டு கிடைக்கும். ஒன்றரைக்கு இரண்டு அடி, 12 மில்லி கனம் இருந்தால் நல்லது. 6 மில்லி என்றால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்து வளைந்துவிடும். அதுதான் இருக்கிறது என்றால் முன்பக்கம் பூசும்போதெல்லாம் பின்பக்கமும் பசைத்தண்ணீர் பூசுங்கள். போகியன்று காலையில் 80 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கத்தி முனையால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு, ஒரு பங்கு ஃபெவிகாலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒரு பூச்சு. அவ்வளவுதான் அன்றைய வேலை.

அன்றைக்கு அட்டாலியை (பரணை) சுத்தம் செய்கிறவர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், எதையும் நெருப்பில் போடுவதற்கு முன் உங்களிடம் காட்டச் சொல்லி. நைந்த சாக்கு, கிழிந்துபோன பவானி ஜமக்காளத்தின் ஓரம், பல் போன சீப்பு, தேங்காய் நார், கடலைக்காய்த் தோல், மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டை எல்லாம் எடுத்து வைக்கலாம். அரிசி, ராகி, பயறு எதையும் ஒட்டாதீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் வண்டு வரும். சாயந்திரம் காப்புக் கட்டக் கொண்டுவந்த பூளைப்பூவில் மிச்சம் இருந்தால் கொத்தாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். காய்ந்தாலும் வெள்ளை அப்படியே நிற்கும், கடைசியில் தேவைப்படும்.

பொங்கலன்று மத்தியானம் துணி அடுக்கு. இது நம்ம தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பனியனுக்கு வெட்டி மிஞ்சிய துண்டுத் துணி, கட்டிங் வேஸ்ட் என்பார்கள், திருப்பூரில் கிலோக் கணக்கில் கிடைக்கும். மற்ற ஊர்க்காரர்கள் பழைய பனியனை வெட்டிக்கொள்ளலாம். ஆனால் துணி பருத்தியாக இருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே குடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், முத்தாக நின்று உருண்டால் பாலியெஸ்டர், ஒதுக்கிவிடுங்கள். லைக்ரா கலந்த துணியும் வேண்டாம், நீங்கள் வைத்த மடிப்பைக் காய்வதற்குள் இழுத்து நிமிர்த்திவிடும்.

சாதா பனியன் துணியான சிங்கிள் ஜெர்சியில் ஒரு வேடிக்கை உண்டு. அகலவாக்கில் ஓர் அங்குலப் பட்டையாக வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து விருட்டென்று இழுங்கள். இரண்டு ஓரமும் ஒன்றையொன்று நோக்கிச் சுருண்டு, பட்டை கயிறாகிவிடும். அந்தக் கயிறுதான் நமக்கு வரப்பு, வேலித் தண்டு, வண்டித்தடம் எல்லாம். ரிப், இன்டர்லாக் என்கிற இரட்டைப் பின்னல் துணியெல்லாம் இப்படிச் சுருளாது, தட்டையாகவே கிடக்கும். அவற்றை நிலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் கத்தரியையும் ஒரு குவியல் ஜெர்சியையும் கொடுத்துவிட்டால் அரைமணி நேரம் வேறு எதுவும் கேட்காது.

எங்கள் அம்மா ஆசாரத்துத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அக்கா மகனைக் கூப்பிட்டு, "ஏஞ்சாமி, இத்தன நல்ல துணியப் பசையில முக்கறீங்களே, கரித்துணிக்காச்சும் ஆகுமில்ல?" என்றார். "இன்னும் ஒரு மூட்டை இருக்குதுங் அம்மிச்சி" என்றான் அவன். அடுத்த நிமிஷம் மூட்டை அடுப்படிக்குப் போய்விட்டது. உங்களுக்கு வேண்டியதை முதலிலேயே பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபெவிகாலும் தண்ணீரும் சமபங்கு கலந்து துணியை முக்கி, லேசாகப் பிழிந்து, பலகையில் போட்டு விரலால் நெருக்கி நெருக்கி மடிப்பு வையுங்கள். பக்கத்தில் இருக்கும் நிலத்துக்குப் பெரிய மடிப்பு, மேலே போகப் போகச் சின்ன மடிப்பு. தூரம் அப்படித்தான் வரும். வானத்தில் துணி வேண்டாம். மடிப்புக்குள் பொள்ளலாக இருந்தால் மறுநாள் பட்டி தேய்க்கும்போது அமுங்கிவிடும், அங்கே நூல் கழிவைச் சுருட்டித் திணியுங்கள். ஓரங்கள் எங்கும் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. தட்டையாக வெயிலில் வைத்து, பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்துவிடுங்கள். தை மாதப் பனியில் ஒரு ராத்திரி கிடந்தால் பகலில் காய்ந்ததெல்லாம் வீண்.

மாட்டுப் பொங்கலன்று பட்டி. சுவருக்குப் பூசுகிற வெள்ளை சிமென்ட் பட்டி, ஒரு கிலோ பாக்கெட் ஒன்று தாராளம். இரண்டு கப் பட்டிக்கு ஒரு கப் ஃபெவிகால், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒப்புட்டுக்கு (போளிக்கு) பிசைகிற மாவைவிட ஒரு பங்கு தளர்வாகக் கலக்குங்கள். பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஒருமுறை கலக்க வேண்டும். ஃபெவிகால் சேர்ப்பது ஒட்டுவதற்கு மட்டுமில்லை, வெடிக்காமல் இருப்பதற்கும்தான். ஒரே பூச்சில் மூன்று மில்லிக்கு மேல் ஏற்றாதீர்கள். கரிசல் காடு செய்கிறவர்கள் வேண்டுமானால் பசையைக் குறைத்துக் கனமாக அப்பி, அது தானாக வெடிக்கட்டும் என்று விடலாம். செம்மண் காட்டுக்கு அந்த வெடிப்பு பொருந்தாது.

பட்டியில் சுண்ணாம்பு மாதிரிக் காரம் உண்டு, வெறுங்கையால் அளையக் கூடாது. பெரியவர்கள் கைக்குப் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொள்ளுங்கள், பொடியைக் கொட்டும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாக்பீஸ் பொடி இரண்டு பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு கலந்து கொடுங்கள். அதுவும் நன்றாகவே இறுகும். கலக்கிய பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்து எறியுங்கள். அம்மாக்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமானால் அடுப்படித் தொட்டியில் கழுவாதீர்கள், குழாயை அடைத்துவிடும்.

பூசின உடனே அச்சுப் பதிக்கக் கூடாது. தொட்டால் விரலில் ஒட்டாமல், அழுத்தினால் குழி விழுகிற பதம் வரட்டும். அப்போது மக்காச்சோளக் கட்டையை உருட்டினால் புள்ளி புள்ளியாக உழவுக் கட்டி தெரியும். சீமாற்று முனையால் குத்தினால் மேய்ந்து மிஞ்சிய புல்லின் அடிக்கட்டை. ஜமக்காள ஓரத்தை வைத்து அழுத்தி எடுத்தால் அதன் வரி அப்படியே விழும், வானத்தின் அடிப்பகுதிக்கு எனக்குப் பிடித்தது அதுதான். வேலிக்கு, முந்தின நாள் சுருட்டிய கயிற்றைச் சுற்றி நாரைப் பிரித்து அப்புங்கள். மரத்துக்கு, வெள்வேல மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பட்டைச் சிம்புகள். காய்ந்த கொழுக்கட்டைப் புல்லின் அடியை ஃபெவிகாலில் தொட்டு ஈரப்பட்டியில் செருகுங்கள், நான்கைந்து இடம் போதும். பலகை முழுக்கப் புல்லைச் செருகினால் கொரங்காடு தெரியாது, விளக்கமாறுதான் தெரியும்.

அதற்குள் மாட்டைக் கழுவக் கூப்பிட்டுவிடுவார்கள், கொம்புக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், மாட்டுப் பட்டியில் பொங்கல் வைக்க வேண்டும். கொம்புக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டைப் பிள்ளைகள் பலகைக்குக் கொண்டுவரும், தடுத்துவிடுங்கள். அது எண்ணெய் எனாமல். காரம் போகாத பட்டி மேல் அடித்தால் செதில் செதிலாக உரியும்.

மறுநாள் காணும் பொங்கல். பூப்பறிக்கிற நோம்பிக்குப் பெண்கள் கிளம்பிய பிறகு வீடு அமைதியாக இருக்கும், நிறம் ஏற்ற அதுதான் நேரம். ஆர்ட் கடைக் கலர் வேண்டாம். வெள்ளை எமல்ஷன் கொஞ்சம், பெயிண்டில் நிறம் கலக்க ஹார்டுவேர் கடையில் சின்னக் குப்பியில் விற்கும் ஸ்டெய்னர் மூன்று நிறம், அப்புறம் துணியில் சலித்த செம்மண். செம்மண்ணில் பசைத்தண்ணீர் விட்டுக் குழைத்தால் அதைவிடச் சரியான காட்டு நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

முதலில் கறுப்பு, பழுப்பு ஸ்டெய்னரைக் கலந்து தண்ணீராகக் கரைத்து, வானம் தவிர எல்லா இடத்திலும், குழிக்குள் இறங்கும்படி அடியுங்கள். இரண்டு நிமிஷத்தில் ஈரத்துணியால் மேலோட்டமாகத் துடைத்தால் மேடு வெளுக்கும், பள்ளம் கறுப்பாகவே நிற்கும். அது நன்றாகக் காய்ந்த பிறகு செம்மண். பிரஷ்ஷை மண்கூழில் தொட்டு, பழைய காகிதத்தில் தேய்த்துத் தேய்த்து, இனி எதுவும் வராது என்று தோன்றுகிற அளவுக்கு வற்றவிடுங்கள். அதன்பிறகு படுக்கவைத்த பிரஷ்ஷால் பலகையை உரசினாற்போல் இழுங்கள். துணி மடிப்பின் முதுகு மட்டும் சிவக்கும், கயிற்றின் ஒரு பக்கம் வெளிச்சம் பட்டதுபோல் எழும். இதுவரை வெள்ளைக் குப்பையாகக் கிடந்தது இந்த இடத்தில்தான் நிலமாக மாறும், அதனால் இதைப் பிள்ளைகள் கையால் செய்யவிடுங்கள். பூளைப்பூவை நிறம் எல்லாம் காய்ந்த பிறகு வேலி ஓரத்தில் ஒட்டலாம்.

ஈரோட்டுப் பக்கத்து ஆட்கள் மஞ்சள்தூளைக் கரைத்துப் பூசலாமா என்று கேட்பார்கள். பூசலாம், ஆனால் சிமென்ட் பட்டி மேல் நேராகப் பட்டால் சிவந்துவிடும். சுண்ணாம்பு பட்ட மஞ்சள் குங்குமம் ஆகிற அதே கதைதான். மஞ்சளாகவே வேண்டுமென்றால் பிள்ளைகளின் சாக்பீஸ் பகுதியில் பூசிப் பாருங்கள். எப்படியும் வெளிச்சத்தில் அது வெளுக்கும், நிற்க வேண்டிய இடத்துக்கு மஞ்சள் ஸ்டெய்னரே நல்லது.

கடைசியாகத் தண்ணீர் வார்னிஷ், மேட் வகை, மெல்லிசாக இரண்டு பூச்சு. பளபளக்கிற வார்னிஷ் அடித்தால் செம்மண் சேறு மாதிரி ஆகிவிடும். பலகை கனமாக இருக்கும், பின்னால் இரண்டு பக்கமும் கொக்கி அடித்து இரண்டு ஆணியில் மாட்டுங்கள். தூசியை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள், ஈரத்துணி வேண்டாம். யார் வீட்டுச் சுவருக்குப் போகிறது என்பதைப் போகியன்றே பேசி முடித்துவிடுங்கள். அக்காவும் தம்பியும் ஒரே நோம்பிக்கு வருகிற வீடென்றால் முதலிலேயே இரண்டு பலகை வாங்கிவிடுங்கள்.