அந்நிய மரத்தை அகற்றும் முன்: காட்டுத் திட்டங்களைப் பரிசீலிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டிப் பக்கம் சீகை என்று சொல்லப்படும் வாட்டில் மரம், மஞ்சக்கொன்னை எனப்படும் சென்னா, உண்ணிச்செடி. மூன்றும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. நீலகிரி, முதுமலை, கொடைக்கானல் காடுகளில் இவை பிடித்திருக்கும் இடத்தை நேரில் பார்த்தவர் எவரும் இவற்றை எடுத்தே தீர வேண்டும் என்றுதான் சொல்வார். நானும் அந்தக் கட்சிதான். இதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022-ல் அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்கும் கொள்கை ஒன்றையும் வெளியிட்டது.

ஆனால் எடுக்கிற வேலையே காட்டைப் புண்ணாக்கிவிடலாம். அதனால்தான் திட்டத்தை முன்கூட்டியே படித்துக் கேள்வி கேட்கிறவர்கள் வேண்டும். பஞ்சாயத்து உறுப்பினர்களும் மாணவர்களும் இயற்கை ஆர்வலர்களும் இப்போது இதில் இறங்குவது நல்ல செய்தி. அப்படி இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்குகிற இடங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"நல்ல காரியத்துக்கு எதற்குப் பரிசீலனை?"

முதல் சறுக்கல் இந்த நினைப்புதான். 2006 செப்டம்பர் 14-ல் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் சுரங்கம், அணை, அனல்மின் நிலையம், துறைமுகம் எல்லாம் இருக்கின்றன. வனத்துறை தன் பொறுப்பிலுள்ள காட்டில் களை எடுப்பது அதில் இல்லை. எனவே மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது, செய்தித்தாளில் விளம்பரம் வராது. பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

ஆவணம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வனக் கோட்டத்துக்கும் பத்தாண்டுச் செயல் திட்டம் உண்டு. காடுகளைக் காப்பது தொடர்பான கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, மத்திய அரசு ஒப்புதல் தந்த செயல் திட்டத்துக்கு உட்பட்டே காட்டில் மரம் வெட்ட முடியும். புலிகள் காப்பகம் என்றால் அதற்குத் தனியாகப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று இருக்கும். யாரும் உங்களைக் கூப்பிட்டுக் காட்ட மாட்டார்கள், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஆராயாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதைச் சீமைக்கருவேல விவகாரத்தில் பார்த்தோம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பின் மாவட்டம் மாவட்டமாக இயந்திரம் வைத்துப் பிடுங்கினார்கள். பின்விளைவை ஆராயாமலே அகற்றுகிறார்கள் என்று வழக்கு வந்தது. 2017-ல் உயர் நீதிமன்றம் சில காலம் அந்த வேலையையே நிறுத்தி வைத்தது. முன்னாலேயே செய்திருக்க வேண்டிய ஆய்வு, வேலை பாதியில் நிற்கும்போது தேவைப்பட்டது.

ஹெக்டேர் கணக்கில் மயங்குவது

இதைத்தான் மிகப் பெரிய தவறு என்பேன். திட்ட அறிக்கையைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது எத்தனை ஹெக்டேர், எத்தனை டன், எத்தனை கோடி என்பதுதான். ஆதரிப்பவரும் அந்த எண்ணைத்தான் சொல்கிறார், எதிர்ப்பவரும் அதையேதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: மூன்று வருஷம் கழித்து அந்த இடத்தில் என்ன முளைத்திருக்கும்?

சென்னாவை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அலங்காரத்துக்காக வந்த மரம். கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ பூத்து நிற்கும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும். கீழே குனிந்து பார்த்தால் புல் இருக்காது. மானும் காட்டெருமையும் மேய அங்கே ஒன்றுமில்லை. இதை அடியோடு வெட்டிச் சாய்த்தால், வெட்டிய கட்டையின் ஓரத்திலிருந்து பச்சைத் தளிர்கள் வளையம் கட்டினாற்போல் கிளம்பும். ஒரு தண்டு நின்ற இடத்தில் பல தண்டுகள் நிற்கும். வெட்டின கணக்குப்படி அந்த ஹெக்டேர் "முடிந்தது", காட்டில் நிலைமை முன்பைவிட மோசம்.

அதனால் பெரிய மரங்களில் அடிப்பகுதிப் பட்டையைத் தரைமட்டம் வரை சுற்றிலும் உரித்து, நின்ற நிலையிலேயே காய விடும் முறையைக் கேரளத்தில் பரிந்துரைத்திருக்கிறார்கள். இதிலும் கவனம் வேண்டும். விரல் அகலத்துக்குப் பட்டை விட்டுப்போனாலும் அந்த வழியாக மரம் பிழைத்துக்கொள்ளும். சின்னக் கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும், மண் ஈரமாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் திரும்பப் போய்ப் புதுத் தளிரை ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனையையும் அறிக்கை சொல்கிறதா, வெறுமனே "அகற்றப்படும்" என்கிறதா என்று பாருங்கள்.

உண்ணிச்செடியிலும் இதே கதைதான். பழத்தைத் தின்கிற சின்னான் போன்ற பறவைகள் விதையை எங்கெங்கோ கொண்டு போடும். ஆகவே காய்க்கும் முன் எடுக்க வேண்டும். தண்டை வெட்டினால் மறுபடி தழைக்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே வேர்க்கழுத்தில் வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுவது நன்றாகப் பலன் தந்த முறை. ஜேசிபி விட்டால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் சரிவான இடத்தில் மண் புரண்டு, அடுத்த மழையில் ஓடைக்குப் போய்விடும். புரண்ட மண்ணில் அதே விதை இன்னும் அடர்த்தியாக முளைக்கும்.

ஆகவே செலவுப் பட்டியலைப் பாருங்கள். முதல் வருஷத்துக்கு மட்டும் பணம் ஒதுக்கி, இரண்டாம் மூன்றாம் வருஷத்துக்கு எதுவும் இல்லை என்றால், அந்தத் திட்டத்தின் குணம் அங்கேயே தெரிந்துவிடும். ஆட்சேபம் எழுத இதைவிட வலுவான காரணம் வேண்டாம்.

எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து

வாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்தது. பிற்பாடு விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று வனத்துறையே புல்வெளிகளில் பரப்பியது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் உறக்கம் கலைந்து ஒட்டுமொத்தமாக முளைக்கும். எனவே வெட்டின கழிவைக் குவித்து எரிப்பதாகத் திட்டம் சொன்னால் அந்த வரியை அடிக்கோடிட்டு வையுங்கள்.

வாட்டில் மண்ணில் நைட்ரஜனைச் சேர்த்துவைத்திருக்கும். மரம் போனதும் வெயிலும் உரமும் சேர்ந்து கிடைக்க, மலைப்புல்லுக்கு முன்னால் வேறு களைகள் வந்து உட்காரும். நீலகிரியில் ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் என்ற முட்புதர்கள் அதற்குத் தயாராகவே இருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. பழனி மலையில் பழைய வாட்டில் தோப்புகள் சிலவற்றின் நிழலில், சோலை எனப்படும் மலைமேல் நாட்டுக் காட்டின் மரக் கன்றுகள் தாமாகவே எழுந்து வந்திருக்கின்றன. பக்கத்துச் சோலையிலிருந்து பறவைகள் விதை கொண்டுவர, காற்றும் உறைபனியும் படாமல் வாட்டிலே அவற்றைக் காத்து நிற்கிறது. அங்கே மொத்தமாகச் சாய்த்தால் கன்றுகளும் சேர்ந்து நசுங்கும். இன்னும் திறந்தே கிடக்கும் புல்வெளியின் ஓரத்தில் இரண்டு வயது வாட்டில் கன்று நின்றால் அதை இன்றைக்கே பிடுங்கலாம். ஒரே இனம், ஒரே மலை, முடிவு மட்டும் இடத்துக்கு இடம் வேறு. ஆகவே வரைபடத்தில் எந்தத் துண்டில் என்ன முறை என்று பிரித்துக் காட்டாத திட்டத்தை ஏற்கக் கூடாது. வரிசையும் முக்கியம்: லேசாகப் பரவிய விளிம்பில் தொடங்கி அடர்ந்த நடுப்பகுதிக்குப் போவதே புத்திசாலித்தனம். டன் கணக்கில் கூலி பேசினால் காண்ட்ராக்டர் அடர்ந்த இடத்துக்குத்தான் முதலில் போவார்.

புல்வெளியைக் காலி மனையாகப் பார்ப்பது

வெட்டி முடித்த இடத்தில் "பசுமை" கொண்டுவர மரக்கன்று நடுவார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நீலகிரி மேல்மட்டத்தில் சோலை பள்ளங்களில்தான் நிற்கும், மேடெல்லாம் புல்லாகவே இருந்தது. வரையாடு மேய்வது அந்தப் புல்லில். நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவை கூடு கட்டுவது அந்தப் புல்லுக்குள் தரையில். தோடர்கள் தங்கள் கோயில் கூரையை வேயும் புல்லும் அங்கே ஈரப் பள்ளங்களில் வளர்வதுதான். அங்கே நாட்டு மரம் நட்டாலும் அது தவறான இடத்தில் நட்ட மரமே. "எத்தனை கன்று நடுவீர்கள்?" என்று கேட்கும் மனுவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தக் கேள்வியே அதிகாரியை நடச் சொல்லித் தூண்டுகிறது. புல் நாற்றங்கால் எங்கே, எந்தெந்தப் புல், விதை எங்கிருந்து வரும் என்று கேளுங்கள்.

கணக்கெடுத்த மாதத்தைப் பார்க்காமல் விடுவது

தாவரப் பட்டியல், பறவைப் பட்டியல், தவளைப் பட்டியல் எல்லாம் பின்னிணைப்பில் இருக்கும். எந்த மாதத்தில் எடுத்தது என்று பாருங்கள். பிப்ரவரியில் போனால் தரை ஆர்க்கிட் கண்ணில் படாது, புதர்த் தவளை சத்தம் போடாது. தென்மேற்குப் பருவமழையில் போனவருக்குத்தான் அவை தெரியும். நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது. நீலகிரியில் பூத்தது 2018-ல். பூக்காத வருஷத்தில் அதை வெறும் புதர் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம்.

எல்லைக் கோட்டோடு நின்றுவிடுவது

இதற்கு நல்ல உதாரணம் களை எடுப்பில் இல்லை, தேனி மாவட்டம் பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தில் இருக்கிறது. திட்ட இடம் தமிழ்நாட்டில், சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், ஐந்து கிலோமீட்டருக்குள் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா. அதைக் கணக்கில் எடுத்திருந்தால் பரிசீலனையின் வகையே மாறியிருக்கும் என்ற காரணத்தால் 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதியை நிறுத்தி வைத்தது. முதுமலையும் அப்படித்தான்: ஒருபக்கம் பந்திப்பூர், ஒருபக்கம் வயநாடு. இங்கே சென்னாவை எடுத்து, அங்கே விதை மரங்கள் நின்றால் யானைச் சாணத்திலும் ஓடைத் தண்ணீரிலும் விதை திரும்ப வரும். பக்கத்து மாநிலத்தோடு பேசியிருக்கிறார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

வெட்டிய மரம் எங்கே போகிறது என்று கேட்காதது

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-ஆவது பிரிவைப் பெரும்பாலோர் படிப்பதே இல்லை. சரணாலயத்திலிருந்து எதையும் எடுக்க, அது வன உயிரினங்களின் நலனுக்குத் தேவை என்று மாநில அரசு வன உயிரின வாரியத்தைக் கலந்து முடிவு செய்திருக்க வேண்டும். தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். எடுத்த வனப்பொருளைச் சுற்றியுள்ள மக்களின் சொந்தத் தேவைக்குத் தரலாம், வணிகத்துக்குக் கூடாது என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. தேசியப் பூங்காவுக்கு இதே போன்ற விதி 35-ஆவது பிரிவில் இருக்கிறது. முதுமலைச் சென்னா மரங்கள் காகிதக் கூழுக்காகக் கரூர் காகித ஆலைக்குப் போகும் ஏற்பாடு வந்தபோது இந்தப் பிரிவு முக்கியமாகிவிட்டது. ஆலைக்குத் தருவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. அதில் வரும் பணம் காட்டைச் சீராக்கத் திரும்பினால் அது நல்ல வழிதான். ஆனால் ஆலைக்குத் தேவை பருத்த தண்டு, காட்டுக்குத் தேவை கன்று கூட மிஞ்சாமல் போவது. இந்த இடைவெளியை யார் நிரப்புவார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

காட்டில் வாழ்கிறவர்களைக் கூலியாள் கணக்கில் மட்டும் சேர்ப்பது

குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஊர்கள் இந்தக் காடுகளுக்குள்ளும் ஓரத்திலும் இருக்கின்றன. 2006 வன உரிமைச் சட்டப்படி, சமூகக் காட்டு வளத்தைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு, கிராம சபைக்கு அதில் அதிகாரமும் உண்டு. பல அறிக்கைகளில் அவர்கள் வருவது "வேலைவாய்ப்பு" என்ற ஒரு பத்தியில் மட்டும். எந்த ஓடையோரம் எந்த வருஷம் முதலில் உண்ணிச்செடி ஏறியது, தேன் எடுக்கும் மரங்கள் எவை, யானை எந்தப் பக்கம் இறங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். உண்ணிக் கம்புகளைக் கொண்டு யானை உருவங்கள் செய்து லண்டன் வரை கொண்டுபோனதும் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள்தான். வேலை தொடங்கும் தேதி குறிக்கும் முன் கிராம சபையில் திட்டத்தை வைத்தார்களா, தீர்மான நகல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, நாம் எழுதும் மனு. ஆயிரம் பேர் கையெழுத்திட்ட ஒரே வாசகத்தை அலுவலகத்தில் ஒரே மனுவாகத்தான் கணக்கில் வைப்பார்கள். "வெட்டாதே", "உடனே வெட்டு" இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. சரகத்தின் பெயர், பீட் (சரகத்துக்குள் வனக் காவலர் ஒருவரின் பொறுப்பிலுள்ள பகுதி), ஓடையின் பெயர், அறிக்கையின் பக்க எண், அங்கே நீங்கள் பார்த்தது, அதற்கு மாற்றாக நீங்கள் சொல்லும் முறை என்று எழுதிய ஒரு பக்கம் போதும், அதைக் கோப்பில் ஒதுக்க முடியாது.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போதும் "எல்லா விவரமும் தருக" என்று கேட்காதீர்கள். செயல் திட்டத்தில் அந்தச் சரகத்துக்கான அத்தியாயம், அகற்றும் இடங்களின் வரைபடம், பணி ஆணையின் நகல், இரண்டாம் மூன்றாம் ஆண்டுப் பராமரிப்புக்கான நிதி ஒதுக்கீடு, வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்கள் என்று வரிசை எண் போட்டுக் கேளுங்கள். படங்கள் இல்லை என்று பதில் வந்தால், அடுத்த மனுவில் அதையே கோரிக்கையாக வையுங்கள்: ஒவ்வொரு துண்டிலும் கல் நட்டு, அதே கல்லருகிலிருந்து வருஷா வருஷம் அதே மாதத்தில் படம் எடுக்க வேண்டும், அகற்றாமல் விட்ட ஒரு சிறு துண்டையும் அதேபோல் எடுத்து ஒப்பிட வேண்டும்.