காருக்குள் தண்ணீர் கசிகிறதா? சிலிக்கான் பூசும் முன் கவனிக்க வேண்டியவை

காரின் தரை ஈரமாக இருப்பதைப் பார்த்ததும் பலர் முதலில் தேடுவது சிலிக்கான் டியூபை. கண்ணாடி ஓரத்திலும் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கிலும் பூசிவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருப்பார்கள். மறுபடியும் தரை நனையும். தண்ணீர் தேங்குகிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு என்பதுதான் காரணம். கூரை வழியாகப் புகுந்த நீர், கூரையைத் தாங்கும் பில்லருக்குள் இறங்கி, ஒயரிங் கட்டைப் பற்றியபடியே ஓடி, எங்கோ தள்ளி கார்பெட்டுக்கு அடியில் சேரும்.

அது என்ன தண்ணீர் என்று பார்க்காமல் வேலையைத் தொடங்குவது முதல் தவறு. வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். மழையே இல்லாத நாளில், ஏசி ஓடியபின் முன்சீட்டுக் காலடியில் தெளிந்த நீர் நின்றால், பெரும்பாலும் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கும். பிசுபிசுப்பும் நிறமும் இனிப்பு வாடையும் இருந்து, முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம்போல் மங்கினால், காரின் உட்புறத்தைச் சூடாக்கும் ஹீட்டர் கோரிலிருந்து கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கசிகிறது. கூலன்ட் நஞ்சு, குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் கிட்டே போகக்கூடாது. இவ்விரண்டுக்கும் வெளியே என்ன பூசினாலும் பயனில்லை.

மழைநீர்தான் என்றால் சோதனைக்கு பிரஷர் வாஷரை எடுக்காதீர்கள். அந்த வேகத்தைத் தாங்க பீடிங் செய்யப்படவில்லை; மழை புகாத இடத்திலும் நீர் புகுந்து உங்களைத் திசைதிருப்பும். முனை இல்லாத சாதாரண ஹோஸ் போதும். ஃப்ளோர் மேட்டையும் ஓரத்து பிளாஸ்டிக் பட்டைகளையும் கழற்றி, கார்பெட்டைத் தூக்கிவிட்டு, ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்காரட்டும். கீழிருந்து மேலே போக வேண்டும்: கதவின் அடிப்பகுதி, கதவுக் கண்ணாடி, வைப்பருக்கு அடியிலுள்ள பள்ளம், முன்கண்ணாடியின் ஓரங்கள், கடைசியாகக் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம். கூரையில் தொடங்கினால் எல்லாமே நனைந்து, எது ஓட்டை என்றே தெரியாமல் போகும்.

கதவில் நடக்கும் தவறைத் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகக் கதவுக்குள் நீர் போவது இயல்பு. அடியிலுள்ள வடிதுளைகளில் அது வெளியேறிவிடும். அந்த நீர் காருக்குள் வராமல் தடுப்பது, கதவின் உட்புற மூடியான டோர் பேடுக்குப் பின்னால் பியூட்டைல் பசையால் ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் ஷீட். ஸ்பீக்கரோ பவர் விண்டோ மோட்டாரோ மாற்றும்போது இதைக் கிழித்து, அப்படியே விட்டு மூடிவிடுகிறார்கள். பிறகு கசிவு வந்ததும் நல்ல பீடிங்கை மாற்றிப் பணம் செலவழிக்கிறார்கள். பழைய பசையைத் துடைத்து, புதிய பியூட்டைல் டேப் ஒட்டி, ஷீட்டின் கீழ்விளிம்பு கதவின் உட்புறம் சொருகியிருக்கும்படி அழுத்துங்கள். இங்கே சிலிக்கான் வேண்டாம். பாலித்தீனில் அது பிடிக்காது. நீர் வருகிறதே என்று வடிதுளையை அடைப்பவர்களும் உண்டு. அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றிப் பூசுவதும் வீண் வேலை. அதன் பீடிங்கைத் தாண்டி கொஞ்சம் நீர் வரும் என்று கணக்கிட்டுத்தான் சுற்றிலும் ஒரு தொட்டியும், மூலைகளில் வடிகுழாய்களும் வைத்திருக்கிறார்கள். ஒரு மூலையில் 100 மில்லி நீரை மெதுவாக ஊற்றுங்கள். காருக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் அடைப்பு. கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடித்தால் பில்லருக்குள் குழாயின் இணைப்பு கழன்றுவிடும். இரும்புக் கம்பி குழாயைக் குத்திவிடும். புல்வெட்டும் இயந்திரத்தின் 2 மி.மீ. நைலான் இழையின் நுனியை மழுக்கி, பொறுமையாக உள்ளே செலுத்துங்கள். வைப்பருக்கு அடியில் இலை சேர்ந்தாலும் இதே கதைதான்: நீர் ஏறி, காற்றுக்குழாய் வழியாக உள்ளே வரும். உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் நனைந்திருந்தால் அங்கே பாருங்கள்.

டிக்கியில் ஸ்டெப்னிக் குழியில் நீர் நின்றால் முதலில் டெயில் லேம்ப்பின் ஓரத்தில் நீரைத் தடுக்கும் கேஸ்கெட்டைச் சோதியுங்கள்.

முன்கண்ணாடியின் ஓரமே கசிந்தால், கண்ணாடியைக் கழற்றி யூரித்தேன் பசையால் மறுபடி ஒட்டுவதே சரி. மேலே பூசினால் நீர் உள்ளே சிறைப்பட்டு விளிம்பு துருப்பிடிக்கும். புளித்த வினிகர் வாடை வீசும் சிலிக்கான் வகை, பெயின்ட் போன இரும்பை அரித்தே விடும். பாடியின் தகடுகள் சேரும் இணைப்புகளுக்கு, இடுக்கை அடைக்கும் பாலியூரித்தேன் சீம் சீலர் வாங்குங்கள்.

ஓட்டையை அடைத்ததும் கார்பெட்டை வெயிலில் காட்டி முடித்துக்கொள்வது கடைசித் தவறு. மேல்துணி காய்ந்தாலும் அடியிலுள்ள ஃபோம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். பூஞ்சையும் தரைத் துருவும் அங்கிருந்துதான் வருகின்றன. சீட்டைக் கழற்றும் முன் இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, காரின் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருங்கள். சீட்டுக்கு அடியில் ஏர்பேக் கனெக்டர்கள் இருக்கலாம். பிறகு ஃபோமை ஈரம் உறிஞ்சும் வாக்குவமால் இழுத்து, கார்பெட்டுக்கு அடியில் மின்விசிறி வைத்து, கையால் அழுத்தினாலும் ஈரம் தெரியாத வரை காயவிடுங்கள். கார்பெட்டைத் திரும்பப் போடும் முன், முதலில் கசிந்த அதே இடத்தில் அதே ஹோஸால் இன்னொரு முறை ஐந்து நிமிடம் நீர் விட்டுப் பாருங்கள்.