ஊருக்குப் போய்ச் சிரமதானத்தில் இறங்குவோருக்கு

வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்து சிரமதானத்துக்கு, அதாவது ஊர் சேர்ந்து கூலியில்லாமல் செய்யும் பொதுவேலைக்கு, நாள் குறிக்கும் முன் மழையைப் பாருங்கள். இலங்கையின் வடக்கில் ஆண்டின் பெருமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். உங்கள் விடுமுறை யூலை, ஓகஸ்டில் என்றால் குளம், கேணி, கிணறு, வெள்ள வாய்க்கால் எல்லாம் வற்றியோ வற்றுகிற நிலையிலோ இருக்கும். இறங்கி வேலை செய்ய அதுதான் காலம். செப்ரெம்பர் வரை நிற்பவர்களுக்குப் பனை விதைப்பு இருக்கிறது. நத்தார் விடுமுறைக்கு வந்து குளம் வெட்ட வேண்டும் என்று நின்றால் அங்கே கழுத்தளவு தண்ணீர்தான் நிற்கும். மார்கழியில் வருகிறவர்கள் ஈரமண்ணில் பாத்தீனியம் பிடுங்கலாம், டெங்கு நுளம்பு பெருகும் இடங்களைத் துப்புரவாக்கலாம். பாத்தீனியத்தைப் பூக்குமுன் வேரோடு பிடுங்க வேண்டும், கட்டாயம் கையுறையோடு. தோலில் அரிப்பும் மூச்சிழுப்பும் வரும் செடி அது. ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டப் போகவே வேண்டாம்.

அடுத்தது, யாரிடம் போவது. ஒவ்வொரு ஊரிலும் சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம், கமக்காரர் அமைப்பு, கோயில் பரிபாலன சபை என்று பல கைகள் இருக்கின்றன. கிராம அலுவலருக்கு முதலில் தெரியப்படுத்துங்கள். பிறகு இடத்துக்கு உரியவர்களைப் பிடியுங்கள். உள்வீதி, மயானம், சந்தை பிரதேச சபைக்குரியவை. வயலுக்குப் பாயும் சிறு குளம் என்றால் கமநல சேவை நிலையமும் கமக்காரர் அமைப்பும். கோயில் கேணிக்குப் பரிபாலன சபை, பள்ளிக்கூட வளவுக்கு அதிபர். வாய்ப்பேச்சு போதாது, பத்து நாளுக்கு முன்பாவது சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் போக வேண்டும். உங்கள் பெயரில் எழுதினால், நீங்கள் விமானம் ஏறிய பிறகு அந்த வேலைக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போய்விடுவார்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த வருசம் நீங்கள் என்ன செய்ய இருந்தீர்கள்?" என்பது. பெரும்பாலும் ஒரு வேலை ஏற்கெனவே கூட்டத்தில் பேசப்பட்டு, டீசலுக்கோ ஆள் போதாமைக்கோ நின்றுபோயிருக்கும். அதில் போய்ச் சேருங்கள். வெளியில் இருந்து வரைபடத்தோடு வந்து இறக்குகிற திட்டத்தை ஊர் மறுக்காது, மரியாதைக்குச் சிரித்துக் கேட்கும்; சனிக்கிழமை காலையில் ஆறு பேர் நிற்பார்கள். மாதர் சங்கத்துக்குச் சொல்லாமல் வைக்கிற சிரமதானத்துக்கும் அதே கதிதான், ஏனென்றால் வீட்டுக்கு வீடு ஆள் கூப்பிடுவது அவர்கள்தான். இரண்டு சங்கங்களுக்கு இடையில் மனக்கசப்பு இருந்தால் உங்கள் உறவினர் இருக்கிற பக்கத்தில் மட்டும் நின்றுவிடாதீர்கள். எந்தக் குறிச்சியையும் விட்டுவிடாமல் அழையுங்கள். பொதுக் கிணற்றடியில் யார் இறங்கலாம், யார் தேநீர் ஊற்றலாம் என்ற பழைய பேச்சு எங்காவது தலைகாட்டினால், நீங்கள் முதலில் அந்தக் குறிச்சி வீட்டில் போய்த் தேநீர் வாங்கிக் குடிப்பதுதான் அதற்குப் பதில்.

கோயில் கொடியேற்றம், செத்தவீடு, அந்தியேட்டி, நெல் அறுவடை இருக்கும் நாட்களைத் தவிருங்கள். வேலை நேரம் காலை ஆறரையில் இருந்து பத்தரை வரை. அதற்கு மேல் ஓகஸ்ட் வெயிலில் ஊர்க்காரர்கூட நிற்க மாட்டார்கள். குளிர்நாட்டில் இருந்து வந்து மூன்றாவது நாளில் மண்வெட்டி பிடிக்கிறவர் ஒன்பது மணிக்கே தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார். வந்து ஒரு கிழமையாவது உடம்பு வெயிலுக்குப் பழகட்டும்.

நாற்பது பேருக்குக் கருவிக் கணக்கு ஏறத்தாழ இப்படி: மண்வெட்டி பன்னிரண்டு, அலவாங்கு மூன்று, பிக்காசு இரண்டு, கத்தி ஆறு, கோடாலி ஒன்று, கடகமோ தாச்சியோ இருபது. எல்லாருக்கும் மண்வெட்டி கொடுப்பது தவறு. வெட்டுகிறவர் ஒருவர், அள்ளிக் கொடுப்பவர் ஒருவர், சுமக்கிறவர் ஒருவர் என்று மூன்று பேர் சேர்ந்தால்தான் மண் நகரும், காலும் வெட்டுப்படாது. கடன் வாங்கிய மண்வெட்டிகளின் பிடி வெயிலில் காய்ந்து ஆடிக்கொண்டிருக்கும். முதல் நாள் இரவே தலைப்பக்கத்தைத் தண்ணீரில் ஊறப் போட்டால் மரம் பருத்து இறுகிவிடும். காலையில் கழன்று பறந்த மண்வெட்டித் தலை யாருடைய கணுக்காலிலும் படக்கூடாது. பிடியில் வீட்டுக்கு ஒரு நிற மையால் கோடு போடுங்கள், பத்தரைக்குப் பிறகு "என்ரை மண்வெட்டி எங்கை?" என்ற சண்டை வராது.

குளத்துக்கு வருவோம். நாற்பது பழகாத கைகள் நாலு மணித்தியாலத்தில் ஐந்தாறு உழவு இயந்திரப் பெட்டி மண்ணுக்கு மேல் எடுக்காது. ஆகவே முழுக் குளத்தையும் தூர்வாரப் போகிறோம் என்று அறிவிக்க வேண்டாம். வரத்து வாய்க்காலைத்தான் முதலில் எடுக்க வேண்டும். பற்றையும் பிளாஸ்டிக்கும் அடைத்து, பக்கத்து வேலி அரையடி முன்னால் நகர்ந்து, மதகு வாய் மூடிக் கிடக்கிற வாய்க்கால்தான் பல குளங்கள் நிரம்பாததற்குக் காரணம். குளத்தை எவ்வளவு ஆழமாக்கினாலும் தண்ணீர் வருகிற வழி அடைபட்டிருந்தால் பயன் இல்லை. வேலி நகர்ந்த விடயத்தை மட்டும் நீங்கள் தீர்க்கப் போகாதீர்கள். அதைக் கிராம அலுவலரும் பிரதேச செயலகமும் பார்க்கட்டும்.

பிறகு குளத்தின் ஒரு மூலை. வெட்டத் தொடங்கும் முன் இரண்டு மூன்று இடத்தில் சோதனைக் குழி போடுங்கள். மேலே கறுப்பாக, வேரும் நத்தை ஓடும் கலந்து, கையில் பிசுபிசுப்பாக வருவது வண்டல். அதற்குக் கீழே மண்வெட்டி திடீரென்று இறுகி நிற்கும். சாம்பல் நிறத்தில், பிசைந்தால் உருட்டக்கூடிய களி தெரியும். அங்கே நிறுத்த வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அடியில் இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீரைக் குளத்தில் பிடித்து வைத்திருப்பது நடுவில் உள்ள அந்தக் களிப்படைதான். அதைக் குத்தி உடைத்தால் கார்த்திகையில் நிரம்பிய குளம் தை பிறக்குமுன் வடிந்துவிடும். கரையோர ஊர் என்றால் கீழிருந்து உவரும் ஏறும். ஜே.சி.பி. வாடகைக்கு அனுப்பிவைக்கும் ஆசை வெளிநாட்டில் நிறையப் பேருக்கு உண்டு. ஓட்டுநருக்குக் களியையும் வண்டலையும் பிரித்துக் காட்ட அனுபவமுள்ள கமக்காரர் ஒருவர் நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்க முடியுமென்றால் மட்டும் அனுப்புங்கள்.

எடுத்த வண்டலைக் கட்டின் உள்சரிவில் குவித்தால் முதல் மழையிலேயே திரும்பக் குளத்துக்குள் வந்துவிடும். கட்டுக்கு வெளியே, தள்ளிப் போடுங்கள். தோட்டத்துக்கு அது நல்ல பசளை, எல்லாரும் கேட்பார்கள். ஆனால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மண் ஏற்றிக்கொண்டு வீதியில் போன உழவு இயந்திரத்தைப் பொலிஸ் பிடித்தால் மாட்டுப்படுவது உங்களுக்கு உதவ வந்த ஓட்டுநர். பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டில் நிற்கும் மருதமரத்தையும் நாணலையும் துப்புரவு என்ற பெயரில் வழித்துவிட வேண்டாம், அந்த வேர்தான் கட்டைப் பிடித்திருக்கிறது. குளக்கரையில் இடுப்பளவு உயரத்தில், பக்கமெல்லாம் வழுவழுப்பாகத் தேய்ந்த கல் ஒன்று தனியாக நின்றால் அது ஆவுரோஞ்சிக் கல். தண்ணீர் குடிக்க வந்த மாடுகள் உடம்பு உராய்ந்து தேய்த்த கல் அது. அதையும் பழைய சுமைதாங்கி, கேணிப் படிக்கட்டு, மடம் போன்றவற்றையும் பெயர்க்கவோ சீமெந்து பூசவோ கூடாது. பழைய சின்னம் என்று தோன்றினால் தொல்லியல் திணைக்களத்தைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

கிணறு இறைப்பது சின்ன வேலை போலத் தெரியும். சிரமதானங்களில் உயிர் போகிற வேலை அதுதான். தண்ணீர் ஆழத்தில் இருக்கிறது, குழாய் எட்டவில்லை என்று பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடும் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்கியவர் மயங்குவார், அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்குவார். மெழுகுதிரி கொளுத்தி இறக்கிப் பார்க்கும் வழக்கம் ஒட்சிசன் மிகக் குறைந்ததை மட்டும்தான் காட்டும். இந்த நச்சுவாயு நிறைந்திருந்தாலும் திரி எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே இயந்திரம் எப்போதும் மேலே, காற்று கிணற்றில் இருந்து இயந்திரத்தை நோக்கி வீசும் பக்கத்தில், புகை கிணற்றுக்குள் போகாதபடி. எட்டாத ஆழத்துக்கு மின்சார நீர்மூழ்கிப் பம்பு வாடகைக்கு எடுங்கள். அது தண்ணீருக்குள் இருக்கும்போது ஆள் இறங்கக் கூடாது. சேறு அள்ள இறங்குவது கிணறு வெட்டும் தொழில் தெரிந்தவர் மட்டும், இடுப்பில் கயிறோடு, மேலே பிடிக்க இரண்டு பேரோடு. மயங்கி விழுந்தால் யாரும் பின்னால் இறங்காமல் கயிற்றால் தூக்க வேண்டும்.

கல் அடுக்கிய பழைய கிணற்றை ஒரே மூச்சில் வற்ற இறைக்காதீர்கள். உள்ளே தண்ணீர் இறங்கினாலும் சுவருக்கு வெளியே உள்ள ஈரமண் தள்ளிக்கொண்டே இருக்கும், கல் சரியும். கடற்கரை ஊர்களில் வேகமாக இறைத்தால் உவர்த் தண்ணீரும் ஏறும். துப்புரவான பிறகு குளோரின் போடும் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். அவருக்குத் தேவை கிணற்றில் நிற்கும் தண்ணீரின் அளவு. அடிக்கணக்கில் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, அதை 22ஆல் பெருக்கினால் ஏறத்தாழ லீற்றர் வரும். 10 அடி விட்டம், 5 அடித் தண்ணீர் என்றால் 11,000 லீற்றர். திறந்து கிடந்த குளோரின் தூள் வீரியம் இழந்திருக்கும். புதிதாக வாங்கிய மூடிய பொதியைப் பாவியுங்கள். மணம் போகும்வரை இறைத்துவிட்டு, பரிசோதகர் சொன்ன பிறகே குடிக்கலாம்.

பனை விதைப்புக்கு ஆயத்தம் ஓகஸ்டிலேயே தொடங்கும். பழம் விழுகிற காலம் அது. ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும் என்பதால், 400 கொட்டைக்கு 150 பழம் பொறுக்கினால் சரி. பத்தடிக்கு ஒன்றாக, ஓரடி ஆழக் குழியில், மழைக்கு முன் போட்டு மூடி மிதியுங்கள். பனை முளைத்துக் கீழ்நோக்கித்தான் முதலில் போகும். அதனால் கன்று பிடுங்கி நடுவது சரிவராது, கொட்டையை நேரடியாகப் போடுவதே வழி. முதல் குருத்து வெளியே தெரிய மாதக்கணக்காகும். "முளைக்கவில்லை" என்று கிண்டிப் பார்ப்பவர்களாலும் கிழங்குக்குத் தோண்டுபவர்களாலும் மாடுகளாலும்தான் பாதி விதைப்பு அழிகிறது. வரிசைக்கு இரு முனையிலும் அடையாளத் தடி நட்டு, முள் வையுங்கள். மின்கம்பிக்குக் கீழும் நடைபாதை ஓரத்திலும் வேண்டாம், காவோலை விழும்.

போர் நடந்த பகுதிகளில் மண்டையோடு வரைந்த கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் ஓரடியும் வைக்காதீர்கள். பலகை இல்லாத கைவிடப்பட்ட வளவிலும் ஊர்க்காரர் ஏற்கெனவே உழுது பழகிய நிலத்தில் மட்டும் வெட்டுங்கள். வெட்டிய பற்றையை அங்கேயே கொளுத்த வேண்டாம், அடியில் வெடிக்காமல் கிடந்தது சூட்டில் வெடிக்கலாம். துருப்பிடித்த இரும்பு ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல், எல்லாரையும் வந்த வழியே பின்வாங்கச் செய்து 119க்கு அழையுங்கள்.

பற்றைக்குள் கை விடுமுன் தடியால் தட்டுங்கள். புடையன் பாம்பு அசையாமல் கிடக்கும். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாமல் வைத்து 1990 அம்புலன்சை அழையுங்கள், அது இலவசம். சேற்றில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் குடித்தது. காலில் புண் உள்ளவர் இறங்க வேண்டாம். தடுப்பு மாத்திரை தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்னரே கேளுங்கள். திரும்பிப் போய் ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் ரொறன்ரோவிலோ லண்டனிலோ உள்ள வைத்தியரிடம் "இலங்கையில் குளத்துச் சேற்றில் நின்றேன்" என்று நீங்களாகச் சொல்ல வேண்டும். அவருக்கு அது தோன்றாது. ஏற்பு (ரெட்டனஸ்) ஊசி போட்டுப் பத்து ஆண்டு கடந்திருந்தால் பயணத்துக்கு முன் போட்டுக்கொள்ளுங்கள்.

காசு விடயம். சிரமதானத்துக்கு வந்தவர்களுக்குக் கூலி கொடுக்காதீர்கள். உழைப்பைத் தானமாகக் கொடுப்பது என்பதுதான் அந்தச் சொல். ஒருமுறை ஆளுக்கு ஆயிரம் ரூபா கொடுத்தால் அடுத்த முறை சங்கம் கூப்பிட ஒருவரும் வர மாட்டார்கள். ஆனால் உழவு இயந்திரக்காரர், கிணற்றுக்குள் இறங்குகிறவர், மரம் ஏறுகிறவர் ஆகியோருக்கு அது தொழில். அவர்களுக்கு டீசலும் முழுக் கூலியும் கையில் போக வேண்டும். மற்றச் செலவைச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் இட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தேநீர், சாப்பாட்டை மாதர் சங்கத்திடம் விட்டு, சாமான் மட்டும் வாங்கிக் கொடுங்கள்: 50 பேருக்கு ஒருமுறை தேநீருக்குத் தேயிலை 125 கிராம், சீனி ஒரு கிலோ, இஞ்சி. குடிதண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர். எட்டரைக்கு வடையோ அவித்த கடலையோ வந்தால் வேலை பத்தரை வரை ஓடும்.

குளத்து வேலை முடியும் நாளில், நடுவில் ஒரு நேரான தடியை ஊன்றி அடிக்கு ஒரு கோடாக வெள்ளை மை பூசுங்கள். தைப்பொங்கல் அன்று தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது, சித்திரை வருசத்தன்று எந்தக் கோட்டில் நிற்கிறது என்று சங்கச் செயலாளர் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பட்டும். அடுத்த ஆடியில் எந்த மூலையை வெட்டுவது என்பதை அந்தக் கோட்டைப் பார்த்துப் பேசலாம்.