ஜெர்மனியின் சிற்றூர்க் கேடயங்களைப் படிப்பது எப்படி?

ஜெர்மனியில் 10,700க்கும் மேற்பட்ட கெமைண்டெக்கள், அதாவது நம் வழக்கில் ஊராட்சிகளும் நகராட்சிகளும், உள்ளன. ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலத்தில் மட்டுமே சுமார் 2,300 இருக்கின்றன. சில நூறு பேர் வாழும் ஊருக்கும் பெரும்பாலும் 'வாப்பன்' எனப்படும் கேடயச் சின்னம் ஒன்று உண்டு. மன்றக் கட்டடத்தின் வாசலிலும் தீயணைப்பு வண்டியின் கதவிலும் அதைக் காணலாம். பார்க்கிறவர் கண் உடனே உருவத்தில்தான் நிற்கும்: சிங்கம், சக்கரம், சிலுவை. அங்கிருந்து தொடங்கினால் வழி தவறிவிடும். முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும், அடுத்து ஊர் நிலப்படத்தில் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும், உருவத்தின் பொருளை அதற்குப் பிறகே கேட்க வேண்டும்.

நிறங்கள் அதிகமில்லை. மஞ்சளாக இருப்பது பொன், வெண்மையாக இருப்பது வெள்ளி. இவை இரண்டும் 'உலோகங்கள்'. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு ஆகியவை 'வண்ணங்கள்'. உலோகத்தின்மீது உலோகத்தையோ வண்ணத்தின்மீது வண்ணத்தையோ வைக்கக்கூடாது என்பது தொலைவிலிருந்தும் சின்னம் தெளிவாகத் தெரிவதற்காக இடைக்காலத்தில் உருவான விதி. இன்னொன்றையும் மனத்தில் இருத்த வேண்டும்: வலம், இடம் என்பவை கேடயத்தை ஏந்தி நிற்பவருடையவை. எனவே அதிகாரபூர்வ விளக்கத்தில் 'வலப்புறம்' என்று இருந்தால் அது பார்க்கும் நமக்கு இடப்புறம்.

இனிச் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். குழப்பம் மிகுந்திருப்பது இதில்தான். சிவப்புத் தளத்தில், அதாவது கேடயத்தின் சிவப்புப் பின்னணியில், ஆறு ஆரங்கள் கொண்ட வெள்ளிச் சக்கரத்தைக் கண்டால், அவ்வூர் ஒரு காலத்தில் மைன்ஸ் பேராயரின் ஆட்சியில் இருந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அந்த ஆட்சிப்பரப்பு மைன்ஸ் நகரைச் சுற்றி மட்டும் அமையாமல் ஆஷாஃபன்பூர்க், எர்ஃபுர்ட், துரிங்கியாவின் ஐக்ஸ்ஃபெல்ட் எனத் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடந்ததால், ஒன்றுக்கொன்று வெகுதொலைவிலுள்ள ஊர்களின் கேடயங்களில் அதே சக்கரம் திரும்பத் திரும்ப வருகிறது. எர்ஃபுர்ட் நகரின் சின்னமும் இதுவே. மைன்ஸ் நகரமோ இரண்டு சக்கரங்களை ஒரு சிலுவையால் இணைத்து வைத்திருக்கிறது. ஆனால் வடமேற்கே ஓஸ்னாப்ரூக் பகுதிக்குச் சென்றால், வெள்ளித் தளத்தில் சிவப்புச் சக்கரம் அங்கிருந்த ஆயரின் ஆட்சியையும், அதே தளத்தில் கறுப்புச் சக்கரம் ஓஸ்னாப்ரூக் நகரையும் குறிக்கும். உருவம் ஒன்றே, நிறம் மாறியதும் ஆட்சியாளர் மாறிவிடுகிறார். சக்கரத்தின் விளிம்பையும் உற்றுப் பார்க்க வேண்டும். வெளிவிளிம்பில் பலகைகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது நீராலைச் சக்கரம். கத்திமுனைகள் இருந்தாலோ ஒரு பகுதி உடைந்திருந்தாலோ புனித கேத்தரின், அதாவது பெரும்பாலும் அவ்வூர்த் தேவாலயத்தின் பாதுகாவலர். பற்கள் இருந்தால் தொழிற்சாலை.

சிலுவைக்கும் இதே முறைதான்; இங்கும் பழைய திருச்சபை ஆட்சிகளே குறிக்கப்படுகின்றன. வெள்ளியில் சிவப்புச் சிலுவை மோசல் ஆற்றங்கரையில் ட்ரியரையும், தெற்கே போடன் ஏரிக்கரையில் கொன்ஸ்டான்ஸையும் குறிக்கும். வெள்ளியில் கறுப்புச் சிலுவை ரைன் கரையில் கொலோன், ஹெஸ்ஸன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் ஃபுல்டா. நீலத்தில் வெள்ளிச் சிலுவை ஸ்பையர். கறுப்புத் தளத்தில் பொன் சிங்கம் பலாட்டினேட் இளவரசர்களுடையது. அதனருகே நீல-வெள்ளைச் சாய்சதுரங்களைக் கண்டு, மியூனிக்கிலிருந்து இவ்வளவு தொலைவில் பவேரியச் சின்னம் எப்படி வந்தது என்று திகைக்க வேண்டியதில்லை; பவேரியாவை ஆண்ட விட்டல்ஸ்பாக் குடும்பம் 1214 முதல் பலாட்டினேட்டையும் ஆண்டது.

பழைய ஆட்சியோடு பொருந்தாத உருவம் மீதமிருந்தால், ஊர்ப்பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். நெக்கர் ஆற்றங்கரையிலுள்ள எபர்பாக்கின் கேடயத்தில் காட்டுப்பன்றி நடக்கிறது. ஜெர்மன் மொழியில் 'எபர்' என்றால் ஆண் பன்றி, 'பாக்' என்றால் ஓடை. அதே ஆற்றங்கரையில் ஹிர்ஷ்ஹோர்ன் என்னும் ஊர் மான்கொம்பைக் காட்டுகிறது. பெயரின் பொருளும் அதுதான். இவற்றைப் 'பேசும் சின்னங்கள்' என்பார்கள். பெயரிலும் விடை கிடைக்காவிட்டால் தேவாலயத்தை நாட வேண்டும்: சாவி என்றால் பேதுரு, இரும்புக் கம்பித்தட்டு என்றால் லாரன்ஸ், சிப்பி என்றால் யாக்கோபு.

கேடயம் இரண்டாகவோ நான்காகவோ பிரிந்திருந்தால், அது நூற்றாண்டுப் பழமையுடையது என்று அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. 1960களிலும் 70களிலும் மேற்கு ஜெர்மனியில் சுமார் 24,000 கெமைண்டெக்கள் ஒன்றிணைக்கப்பட்டு ஏறத்தாழ 8,500 ஆயின. அப்போது உருவான பல ஊர்கள் பழைய சின்னங்களிலிருந்து ஆளுக்கொரு துண்டை எடுத்து ஒட்டிக்கொண்டன. வரிசையாக நிற்கும் தானியக் கதிர்களையோ விண்மீன்களையோ எண்ணிப் பாருங்கள். இணைந்த சிற்றூர்களின் எண்ணிக்கையோடு அது பல வேளைகளில் ஒத்துப்போகும்.

கல்லில் செதுக்கியதோ கறுப்பு-வெள்ளையில் அச்சிட்டதோ மட்டுமே கையில் இருந்தால், தளத்திலுள்ள கோடுகளை வைத்து நிறத்தை அறியலாம். செங்குத்துக் கோடுகள் சிவப்பு, கிடைக்கோடுகள் நீலம், சாய்ந்தவை பச்சை, குறுக்கும் நெடுக்குமானவை கறுப்பு, புள்ளிகள் பொன், வெறுமை வெள்ளி. 17ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவரும் முறை இது.

கொடி கேடயத்திலிருந்து பிறக்கிறது. உருவத்தின் நிறம் மேல்பட்டை, தளத்தின் நிறம் கீழ்ப்பட்டை என்பதே வழக்கம்: பிரஷ்யாவின் வெள்ளித் தளக் கறுப்புக் கழுகு கறுப்பு-வெள்ளைக் கொடியையும், வெஸ்ட்ஃபாலியாவின் சிவப்புத் தள வெள்ளிக் குதிரை வெள்ளை-சிவப்புக் கொடியையும் தந்தன. ஆனால் பச்சைத் தளத்தில் வெள்ளி அலை கொண்ட, பழைய பிரஷ்ய மாகாணமான ரைன்லாந்து, வெள்ளையை மேலே வைக்காமல் பச்சை-வெள்ளையை வைத்துக்கொண்டது. ஆகவே கொடியை மட்டும் பார்த்துக் கேடயத்தை ஊகிப்பது ஆபத்து. ஊர்களில் உயரமாகத் தொங்கும் நெடுங்கொடியே அதிகம் கண்ணில் படும்; அதில் மேல்பட்டை நமக்கு இடப்புறம் வந்துவிடும், கேடயம் மட்டும் திரும்பாமல் நேராக நிற்கும்.

பார்த்த சின்னத்தைச் சட்டையிலோ விற்பனைப் பொருளிலோ அச்சிட விரும்புவோர் முதலில் அவ்வூர் நிர்வாகத்துக்கு எழுதி அனுமதி பெற வேண்டும். அதிகாரபூர்வச் சின்னம் பதிப்புரிமையின் கீழ் வராவிட்டாலும், ஜெர்மன் உரிமையியல் சட்டத்தின் 12ஆம் பிரிவு காக்கும் பெயருரிமை அதற்கும் பொருந்தும்.