மின்னஞ்சல் மடல் தொடங்கும் எழுத்தாளர்கள் செய்யும் தவறுகள்: அறுநூறு முகவரிகளால் நான் கெட்ட கதை

சென்ற முறை சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போயிருந்தபோது, முதல் சிறுகதைத் தொகுப்பை வெளியிட்டிருந்த ஓர் இளம் எழுத்தாளர், அரங்கின் மேசையில் நோட்டு ஒன்றைத் திறந்து வைத்து, புத்தகம் வாங்கியவர்களிடமெல்லாம் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் எழுதி வாங்கிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். “வாரா வாரம் மெயிலில் கதை அனுப்பப் போகிறேன் சார், இன்றைக்கு மட்டும் எண்பது பேர் சேர்ந்துவிட்டார்கள்” என்றார். அவர்கள் சேரவில்லை, முகவரி எழுதினார்கள், அவ்வளவுதான். அதே போன்ற நோட்டை 2015இல் நானும் வைத்திருந்தவன் என்பதால், அவரைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போய் அரை மணி நேரம் பேச வேண்டியதாயிற்று. அங்கே சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எழுத்துப் பிழை, காலம் தவறுதல், தலைப்பே இல்லாமல் அனுப்புதல் போன்றவற்றை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேட்காமல் சேர்ப்பது

அந்த ஆண்டில், தாமே விரும்பிக் கேட்டுச் சேர்ந்த வாசகர்கள் எனக்கு நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு கட்டுரை அனுப்புவேன். மாலைக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பதில் எழுதுவார்கள். அது போதாது என்று எனக்குத் தோன்றியதுதான் வினை. புத்தக அரங்கு நோட்டு, ஓர் இலக்கியக் கூட்டத்தின் வருகைப் பதிவேடு, யாரோ ஒருவர் ஊருக்கெல்லாம் ஒன்றாக அனுப்பிய பொங்கல் வாழ்த்தின் பெறுநர் வரிசை, பழைய அலுவலகத் தொடர்புகள் என்று அகப்பட்ட இடத்திலெல்லாம் வழித்தெடுத்து, அறுநூறு முகவரிகளை ஒரு சனிக்கிழமை இரவில் பட்டியலில் ஏற்றினேன். மறுநாள் காலை மடல் போனது.

பத்து மணிக்குள் எழுபதுக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. நோட்டில் இருந்த ‘எல்’ என்ற எழுத்தை நான் ஒன்று என்ற எண்ணாக வாசித்துத் தட்டியிருந்தேன். சில முகவரிகள் உரியவர்கள் எப்போதோ வேலையை விட்டுப்போன நிறுவனங்களுடையவை. திரும்பி வராதவற்றில்தான் பெரிய கேடு இருந்தது. என்னை யார் என்றே அறியாத பலர், பட்டியலிலிருந்து விலகும் இணைப்பைத் தேடும் சிரமம்கூட எடுத்துக்கொள்ளாமல், இது வேண்டாத மடல் என்று புகார் செய்யும் ஸ்பேம் பொத்தானை அழுத்திவிட்டார்கள். பட்டியலில் உள்ள எல்லோருக்கும் மடல் அனுப்ப நான் பயன்படுத்திய சேவை அன்று மாலையே கணக்கை நிறுத்திவைத்து, இந்த முகவரிகள் எப்படிக் கிடைத்தன என்று விளக்கம் கேட்டது. நியாயமான கேள்விதான், என்னிடம் நியாயமான பதில் இல்லை.

புதியவர்களை நீக்கிவிட்டு ஒரு வாரம் கழித்துப் பழையபடி அனுப்பத் தொடங்கினேன். தப்பித்தோம் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது வாரம் திருநெல்வேலியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியரான ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, எழுதுவதை நிறுத்திவிட்டீர்களா?” என்று கேட்டார். ஞாயிறு தவறாமல் பதில் எழுதுகிறவர் அவர். என் மடல்கள் அவருடைய ஸ்பேம் பெட்டியில் கிடந்தன. அப்படி ஒரு பெட்டி இருப்பதே அவருக்குத் தெரியாது. தொலைபேசி எண் இருந்ததால் அவர் அழைத்தார். எண் இல்லாத எத்தனை பேர் நான் எழுத்தை நிறுத்திவிட்டதாக நினைத்துப் போய்விட்டார்கள் என்பதை இன்றுவரை என்னால் கணக்கிட முடியவில்லை. பத்தாண்டுகள் ஆகியும் என் எரிச்சல் தீராததற்கு இதுதான் காரணம்: கேட்காதவர்களுக்கு அனுப்பியதன் தண்டனையைக் கேட்டவர்கள் அனுபவித்தார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் ஸ்பேம் என்று குறிக்கும்போது அது அவருடைய பெட்டியோடு நின்றுவிடுவதில்லை. எந்த முகவரியிலிருந்து, எந்த டொமைனிலிருந்து (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் இணையப் பெயர்) அந்த மடல் வந்ததோ, அதன் நற்பெயரில் கழிக்கப்படுகிறது. அந்த நற்பெயரை வைத்துத்தான் அடுத்த மடல் முகப்புப் பெட்டிக்குப் போவதா, ஸ்பேமுக்குப் போவதா என்பது எல்லோருக்குமாக முடிவாகிறது. ஜிமெயில் தன் விதிகளை 2024 பிப்ரவரியில் இறுக்கியபோது, ஸ்பேம் புகார் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது, 0.1க்குக் கீழே இருப்பதே நல்லது என்று எண்ணாகவே சொல்லிவிட்டது. ஆயிரம் மடலுக்கு மூன்று புகார் என்றால் எல்லை வந்துவிட்டது. முந்நூறு வாசகர்கள் உள்ள ஓர் எழுத்தாளருக்கு, ஒரே ஒருவர் எரிச்சலில் பொத்தானை அழுத்தினாலே 0.33. பெரிய நிறுவனங்கள் ஒரு புகாரைத் தாங்கும். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த இடம் இல்லை.

“அவர்களேதானே சார் எழுதிக் கொடுத்தார்கள்?” என்றார் தேநீர்க் கடையில் அந்த எழுத்தாளர். எழுதிக் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் புத்தகக் காட்சியில் நோட்டை நீட்டினால் தமிழர்கள் எழுதிவிடுவார்கள். எதிரே எழுத்தாளரே நிற்கும்போது மறுப்பது அவருக்கு மரியாதைக் குறைவு என்று தோன்றும். அந்த மரியாதையைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதுதான் பிழை. கனடா வாசகர்கள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்நாட்டின் ஸ்பேம் எதிர்ப்புச் சட்டம் 2014 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. வணிக நோக்குள்ள மடலுக்கு, அதாவது உங்கள் புத்தகத்தை விற்கும் மடலுக்கும், பெறுபவரின் சம்மதம் அதன்படி தேவை. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 மே முதல் இருக்கின்றன. டொரொண்டோவிலும் பாரிசிலும் வாசகர்களை எதிர்பார்க்கும் தமிழ் எழுத்தாளர், இது நம் ஊர் விஷயமில்லை என்று ஒதுக்கிவிட முடியாது.

அப்படியானால் எப்படிச் சேர்ப்பது? மேசையில் நோட்டுக்குப் பதிலாக ஒரு கியூஆர் அட்டையை வையுங்கள். அதன் மேல், “ஞாயிறுதோறும் ஒரு சிறுகதை, மின்னஞ்சலில். வேண்டாமென்றால் எப்போதும் விலகலாம்” என்பதுபோல, என்ன வரும், எப்போது வரும் என்று எழுதுங்கள். வாசகர் தம் கைப்பேசியில் தாமே முகவரியைத் தட்டுவதால் கையெழுத்துக் குழப்பமும் போய்விடும். அடுத்து, அவருக்கு ஓர் உறுதிப்படுத்தும் மடல் போக வேண்டும். அதில் உள்ள இணைப்பை அழுத்தியவர் மட்டுமே பட்டியலில் சேர வேண்டும். இதைப் பெரும்பாலான சேவைகள் தருகின்றன, ஆனால் பல சேவைகளில் அந்த உறுதிப்படுத்தும் மடல் ஆங்கிலத்தில், ஏதோ வங்கி எச்சரிக்கையைப் போன்ற நடையில் இருக்கும். தமிழில் கதை கேட்ட வாசகர் அதைப் பார்த்துப் பயந்து அழித்துவிடுவார். அமைப்புகளுக்குள் போய் அந்த நான்கு வரிகளைத் தமிழில், உங்கள் பெயரோடு மாற்றி எழுதுங்கள். எண்பது பேரில் முப்பது பேர்தான் உறுதிப்படுத்தினார்கள் என்றால் வருந்த வேண்டாம். மற்ற ஐம்பது பேர் முதலிலிருந்தே இல்லை.

விலைக்கு வாங்கும் பட்டியல்

வாங்காதீர்கள்.

எல்லோரையும் சிசி பெட்டியில் போடுவது

சிசி பெட்டியில் போட்ட முகவரிகள் பெறுபவர் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், ஒருவருடைய முகவரியை இன்னொருவருக்குக் காட்டிக்கொடுக்கிறீர்கள். அந்த வரிசையிலிருந்து வழித்தெடுக்க என்னைப் போல ஒருவன் இருப்பான். முகவரிகளை மறைத்து அனுப்பும் பிசிசியும் நெடுநாள் ஓடாது: சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து நாளொன்றுக்கு அனுப்பும் எண்ணிக்கைக்கு ஐந்நூறு என்ற வரம்பு உண்டு.

தமிழ் எழுத்தின் எடையை மறப்பது

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஒரு மடல் ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அதை நடுவில் வெட்டி, மீதியைப் பார்க்க ஓர் இணைப்பைக் கொடுத்துவிடும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ‘மி’ என்ற ஓர் எழுத்து, மகரமும் இகரக் கொக்கியுமாக இரண்டு குறிகள், ஆறு பைட். ஆகவே அதே நீளமுள்ள தமிழ் மடல் அந்த எல்லையை வெகு சீக்கிரம் எட்டிவிடும். வார்ப்புருவில் வண்ணப் பெட்டிகளையும் பொத்தான்களையும் அடுக்கியிருந்தால், அவற்றின் நிரல் வேறு இடத்தை அடைத்துக்கொள்ளும்.

கதையின் முடிவு வெட்டுப்படுவது ஒரு நஷ்டம். அதைவிட மோசமானது, விலகல் இணைப்பு மடலின் அடியில் இருப்பதால் அதுவும் சேர்ந்து மறைந்துபோவது. விலக நினைக்கும் வாசகர் தேடிப் பார்ப்பார், கிடைக்காது, ஸ்பேம் பொத்தான் மேலேயே இருக்கிறது. நீண்ட கதையென்றால் முதல் பகுதியை மடலில் கொடுத்துவிட்டு மீதியை இணையத்தில் வைத்து இணைப்புத் தருகிறேன். முதலில் எனக்கே ஒரு பிரதி அனுப்பி, கைப்பேசியில் கடைசி வரி வரை விரலால் தள்ளிப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு அனுப்புகிறேன்.

ஜிமெயில் முகவரியை அனுப்புநராக வைப்பது

மடல் சேவை ஒன்றில் சேர்ந்துவிட்டு, அனுப்புநர் இடத்தில் தம் ஜிமெயில் முகவரியையே பலர் கொடுக்கிறார்கள். கூகுளின் பெயரைச் சொல்லிக்கொண்டு கூகுளுடையதல்லாத சர்வரிலிருந்து வரும் மடல், பெறுகிற சர்வரின் கண்ணுக்குப் போலி மடலைப் போலவே தெரியும். சொந்த டொமைன் ஒன்றை ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டிய செலவில் வாங்கலாம். வாங்கிய பிறகு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் அதில் சேர்க்க வேண்டும். மடல் உண்மையிலேயே உங்களுடையதுதானா என்று பெறுகிற சர்வர் சரிபார்ப்பது இவற்றை வைத்துத்தான். சேவையின் உதவிப் பக்கத்தில் உள்ளதை அப்படியே பிரதி செய்து ஒட்டும் வேலைதான். அனுப்புநர் பெயராக மடலின் பெயரை மட்டும் வைக்காமல், வாசகர் அறிந்த உங்கள் பெயரையும் வையுங்கள்.

திறந்தவர் எண்ணிக்கையை நம்புவது

மடலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்னஞ்சிறு படம் இறங்கினால் ‘திறந்தார்’ என்று கணக்காகிறது. ஆப்பிள் நிறுவனம் 2021இல் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாடு, வாசகர் திறக்காவிட்டாலும் அந்தப் படத்தை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. படங்களை முடக்கி வைத்திருப்பவர் முழுக்கப் படித்தாலும் கணக்கில் வரமாட்டார். இந்த எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம். இதை மட்டும் வைத்து யாரையும் நீக்கவும் வேண்டாம். நான் எண்ணுவது பதில் கடிதங்களை.

பட்டியலைப் பிறர் வீட்டிலேயே விட்டுவைப்பது

தமிழில் இணையத்தில் எழுதியவர்களில் பலர் கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாகரில் தொடங்கினார்கள். அதில் ‘மின்னஞ்சலில் தொடர்க’ என்ற பெட்டிக்குப் பின்னால் இயங்கிய ஃபீட்பர்னரின் மின்னஞ்சல் சேவை 2021 ஜூலையில் நின்றது. நிறுத்துவதற்கு முன் பட்டியலை இறக்கிக்கொள்ளச் சொல்லித்தான் நிறுத்தினார்கள். ஆனால் அந்தப் பெட்டியை வைத்ததையே மறந்துவிட்டவர்கள் அந்த அறிவிப்பை எங்கே படித்திருப்பார்கள்? மடல் சேவைகளான ரெவ்யூ (ட்விட்டர் வாங்கியது) 2023 ஜனவரியிலும், டைனிலெட்டர் 2024 பிப்ரவரியிலும் மூடப்பட்டன. இப்போது நீங்கள் பயன்படுத்தும் சேவையிலும் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக, அதாவது எந்தச் சேவையிலும் ஏற்றக்கூடிய எளிய அட்டவணையாக, இறக்கும் வசதி இருக்கும். இல்லையென்றால் இன்றே வேறு சேவைக்கு மாறுங்கள். நான் மாதந்தோறும் வீட்டு வாடகை அனுப்பும் நாளில் அந்தக் கோப்பையும் இறக்கி, கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைக்கிறேன்.