சேற்றில் உறங்கும் நுண்பாசி: முளைப்பை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலடிச் சேற்றில் நுண்பாசிகளின் உறக்கச் செல்கள் கிடக்கும், அவை விழித்தெழுவதுதான் முளைப்பு. அந்தச் சேற்றை அள்ளி வந்து வளர்ப்புக் கரைசலில் போட்டு, ஒரு வாரம் வெளிச்சத்தில் வைத்து, குடுவை பழுப்பானதும் "நன்றாக முளைத்திருக்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். அங்கே அளந்தது வளர்ச்சியை, முளைப்பை அல்ல. முதல் நாள் ஸ்கெலட்டோனீமா (சிலிக்கா ஓடுள்ள டையாட்டம் நுண்பாசிகளில் ஒன்று) செல் ஒன்றே ஒன்று விழித்து நாளுக்கு ஒருமுறை பிரிந்தால் போதும், ஏழாம் நாள் 64 செல்கள் இருக்கும். 64 செல்லும் தனித்தனியாக முளைத்தவையா, ஒன்றே பெருகியதா என்று அந்தக் குடுவையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. குளோரோஃபில் ஒளிர்வை அளந்தாலும் இதே சிக்கல்தான்.

டைனோஃபிளாஜெல்லேட் (சாட்டையிழையால் நீந்தும் நுண்பாசி) சிஸ்ட், அதாவது அதன் உறக்கச் செல், என்றால், நுண்குழாயால் ஒவ்வொன்றாக எடுத்து 96 குழித் தட்டில் குழிக்கு ஒன்றாக வையுங்கள். தினமும் பாருங்கள், இதில் சோம்பல் கூடாது. அலெக்ஸாண்ட்ரியம் என்ற டைனோஃபிளாஜெல்லேட்டின் உறங்கும் சிஸ்ட் மாத்திரை போல நீள்வட்டமாக, நிறமற்ற தடித்த சுவரோடு இருக்கும். மேலே உள்ள பசையில் சேற்றுத் துகள்கள் ஒட்டியிருக்கும், உள்ளே மாவுப்பொருள் மணிகளுக்கு நடுவே செம்மஞ்சளாக ஒரு புள்ளி தெரியும். முளைத்த பிறகு மிஞ்சுவது கண்ணாடி போன்ற வெறும் கூடுதான். வெளியே வந்த செல் மறுநாளே செத்துக் கரைந்துவிடலாம், வாரம் ஒருமுறை மட்டும் பார்ப்பவர் அதை "முளைக்கவில்லை" என்று குறித்துவிடுவார். அதனால் செல்லையும் தேடுங்கள், கூட்டையும் தேடுங்கள். அதேபோல, தொடக்கத்தில் எண்ணும்போது சேற்றில் முன்பே கிடக்கும் காலிக் கூடுகளைச் சேர்த்துவிட்டால் வகுக்கும் எண் பெருத்து, சதவீதம் பொய்யாகக் குறையும். சிஸ்ட்டை நுண்ணோக்கியில் ஒளிரச் செய்யும் ப்ரிமுலின் சாயம் ஏற்றி எண்ணுவது வசதிதான், ஆனால் அந்த சிஸ்ட் உயிரோடு இருந்ததா என்பதை அது சொல்லாது.

டையாட்டம் கதை வேறு. அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்க முடியாது, எனவே சேற்றைப் படிப்படியாக நீர்த்து, எந்தக் குழியில் செல் வந்தது, எதில் வரவில்லை என்று பார்த்து எண்ணிக்கையை மதிப்பிடுகிறோம். ஒவ்வொரு நீர்ப்புக்கும் ஐந்து குழி என்று வைத்தால், விடையின் 95% நம்பக எல்லை (உண்மையான எண் இருக்கக்கூடிய வரம்பு) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்று மடங்கு வரை விரியும். ஓர் இடத்தில் 100, இன்னோர் இடத்தில் 200 என்று வந்ததும் "இரு மடங்கு" என்று எழுதாதீர்கள். வித்தியாசத்தைக் காட்ட வேண்டுமென்றால் குழிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். செல்கள் கட்டியாக ஒட்டிக் கிடந்தால் பத்து செல் ஒன்றாகக் கணக்காகும், ஆகவே முதலில் நன்றாகக் கலைத்துவிட வேண்டும்.

வெளிச்சம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டையாட்டம் உறக்கச் செல்களுக்கு விழிக்கும் சைகையே ஒளிதான். படகுத் தளத்தில் வெயிலில் சேற்றைப் பிரித்துக் கூறுபோட்டால், ஆய்வகத்துக்கு வரும் முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். எடுத்தவுடன் அலுமினியத் தாளில் சுற்றி, குளிரில், இருட்டில் வையுங்கள்.

அப்புறம், ஒன்றும் முளைக்கவில்லை என்றால் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். புதிதாக உருவான பல சிஸ்ட்கள் எவ்வளவு நல்ல சூழல் கொடுத்தாலும் சில வாரமோ மாதமோ முளைக்கவே முளைக்காது. இனத்தைப் பொறுத்தும் வெப்பநிலையைப் பொறுத்தும் இந்தக் காலம் மாறும். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையை ஒட்டிய மெய்ன் வளைகுடாவின் ஆழத்திலிருந்து எடுத்த அலெக்ஸாண்ட்ரியம் சிஸ்ட்களை மாறாத வெப்பநிலையில் இருட்டில் வைத்திருந்தபோதும், முளைப்பு ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்கியது. 1987இல் வெளியான முடிவு அது. எந்த மாதம் அளந்தீர்கள் என்பதைக் குறிக்காத முளைப்புச் சதவீதத்தை நான் நம்புவதில்லை.

குழம்பு போலக் கெட்டியான சேற்றுக் கரைசல் வேண்டாம், அது ஒளியை மறைக்கும், ஆக்சிஜனையும் தின்றுவிடும், ஆக்சிஜன் இல்லாமல் சிஸ்ட் முளைக்காது. டையாட்டங்கள் முந்திக்கொண்டு பெருகி மற்றவற்றை மூடிவிட்டால் சிறிதளவு ஜெர்மானியம் டையாக்ஸைடு அவற்றை அடக்கும். ஆனால் அதே தட்டில் டையாட்டம் எண்ண நினைக்காதீர்கள்.

எண்ணிக்கையை ஈரச் சேற்றின் கிராமுக்கு மட்டும் கொடுப்பதும் தவறுதான். 80% நீருள்ள சேற்றில் ஒரு கிராமுக்கு உலர்பொருள் 0.2 கிராம், 60% நீர் என்றால் 0.4 கிராம். உலர்பொருளில் செல் அடர்த்தி ஒன்றாகவே இருந்தாலும் ஈர எடைக் கணக்கில் ஒன்று மற்றதைப் போல இரு மடங்காகத் தெரியும்.

கடைசியாக, சேறே போடாத வெறும் கரைசல் குழிகள். இடமில்லை என்று பலரும் முதலில் வெட்டுவது இதைத்தான், அப்படிச் செய்யாதீர்கள். பால்டிக் கடலடியில் சுமார் 7,000 ஆண்டுப் பழைய படிவிலிருந்து ஸ்கெலட்டோனீமாவை எழுப்பியதாக 2025இல் ஆய்வு வெளியானது. மேலடுக்கிலிருந்து ஒரு செல் கத்தியில் ஒட்டிக் கீழடுக்குக்கு இறங்கியிருந்தாலே அந்த முடிவு கவிழ்ந்திருக்கும், அதனால்தான் மரபணு ஒப்பீடும் தேவைப்பட்டது. நீங்கள் எடுப்பது நேற்றைய சேறாக இருந்தாலும், கரைசலில் வெளிச் செல் எதுவும் கலக்கவில்லை என்று காட்ட அந்த வெறும் குழிகள் வேண்டும்.